வண்டலூர் தாண்டினால் நின்றுவிடும் கார்

மழை வரும்போல் இருந்தால் என் வீட்டுக்காரர் காரை வெளியே எடுக்க விடமாட்டார். கார் நனைந்துவிடுமாம். கார் இருக்கிற வீட்டுப் பெண்மணியாகிய நான் ஒரு கையில் குடையும் மறு கையில் செருப்புமாகக் கிழக்குத் தாம்பரத்துச் சேற்றைக் கடந்து, பஸ் பிடித்து, குரோம்பேட்டையில் இறங்கி, ஈரப் புடவையோடு ஒன்பதாம் வகுப்புக்கு சயின்ஸ் நடத்துவேன். கார் வீட்டில் சொட்டு ஈரம் படாமல் நிற்கும். கேட்டால், "நீ துடைச்சா காஞ்சிடுவே. அது துருப் பிடிச்சுடும்" என்பார். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே விஞ்ஞான உண்மை அது.

எண்பதுகளின் கடைசி. தெருவில் அப்போது பெரும்பாலும் இரண்டே வகைக் கார்கள், பெரியது ஒன்று, சின்னது ஒன்று. எங்களுடையது சின்னது. வெளிர் நீலம். யாரோ ஓட்டிக் கழித்ததை வாங்கினோம். வாங்கிய நாளிலிருந்து அது எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஆகிவிட்டது. கண்ணாடிக்கு ஒரு துணி, உடம்புக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு ஒரு துணி. மூன்றும் மூன்று ஆணியில் தொங்கும். ஒருநாள் அவசரத்தில் கண்ணாடித் துணியை எடுத்து அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு ரவிக்கை தைக்கிற தையல்காரரையே வீட்டுக்கு வரவழைத்து, காரைச் சுற்றிச் சுற்றி அளவெடுக்கச் சொல்லி ஓர் உறை தைத்தார். என் ரவிக்கைகள் எல்லாம் அக்குளில் பிடிக்கும். காரின் உறை மட்டும் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஆயில் மாற்றும் தேதி, பிளக் கழற்றித் துடைக்கும் தேதி, டயருக்குக் காற்றுப் பார்க்கும் தேதி எல்லாம் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கும். என் பிறந்த நாளைச் சுற்றியும் ஒரு வட்டம் இருந்ததைப் பார்த்து ஒரு வருடம் ஏமாந்துபோனேன். அன்று பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் நாள். பெட்ரோல் டாங்க் எப்போதும் கழுத்துவரை நிரம்பியிருக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். காலியாக விட்டால் உள்ளே துருப் பிடிக்கும் என்று எங்கேயோ படித்திருந்தார்.

இவ்வளவு செய்தவருக்குக் கார் ஓட்ட வராது. லைசென்ஸ் இருந்தது, அது வேறு விஷயம். வாங்கிய முதல் வாரம் எங்கள் வீட்டு கேட் தூணிலேயே கொண்டுபோய் இடித்தார். தூண் சாய்ந்தது. காரில் ஒரு கீறல். அந்தக் கீறலுக்கு அவர் கொண்டாடிய துக்கத்தைப் பார்த்து பக்கத்து வீட்டிலிருந்து விசாரிக்க வந்தார்கள். அதோடு சரி. பிறகு தினமும் காலையில் ஏறி உட்கார்ந்து, இன்ஜினை ஐந்து நிமிடம் உறுமவிட்டு, ஏதோ ஊருக்குப் போய்வந்த களைப்போடு இறங்குவார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு டிரைவர் தேவைப்பட்டார். சேலையூர் ஏரிப் பக்கத்து ஊர்க்காரர். நாற்பது வயது இருக்கும். எங்கள் தெருவே அவருடைய குடும்பத்து நிலத்தின் மேல்தான் இருக்கிறது. எங்கள் படுக்கையறை இருக்கிற இடத்தில் அவருடைய அப்பா நெல் அறுத்தாராம். மனைகளாகப் போட்டு விற்ற பிறகு பங்காளிகளில் சிலர் கடை வைத்தார்கள், சிலர் வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். இவருடைய பங்கு எப்படியோ கரைந்துபோயிற்று. லாரி ஓட்டினார், டாக்சி ஓட்டினார். பிறகு எங்களைப்போலக் காரை வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டத் தெரியாமல் விழிக்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் ஓட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி வீட்டில் பேசும்போது 'அவன், இவன்' என்றுதான் பேசுவோம். நேரில் 'நீ'. இப்போது எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கே போவோம்? கூடுவாஞ்சேரிக்கு அப்பால் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தோம். நாலு மூலைக்கும் நாலு கல். அந்தக் கற்களை எவனாவது பிடுங்கிப் போட்டுவிடுவான் என்று என் வீட்டுக்காரருக்கு வாரம் முழுவதும் பயம். எனவே வாராவாரம் குளித்து, இட்லி கட்டிக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் போய் நாலு கல்லுக்கும் வருகைப் பதிவு எடுத்துவிட்டுத் திரும்புவோம். ஒரு வாரமாவது ஒரு கல் 'ஆப்சென்ட்' ஆகாதா என்று நான் ஏங்கியதுண்டு. திரும்பி வந்து எங்களை இறக்கிவிட்ட பிறகு, டிரைவர் மட்டும் தாம்பரத்தில் பெட்ரோல் பங்க்குக்குப் போய் டாங்க்கைக் கழுத்துவரை நிரப்பி வண்டியைக் கொண்டுவந்து விடுவார்.

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர் என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாக வேன் வாங்கப் போகிறார்கள், ஜூன் மாதம் ஓடத் தொடங்கும், டிரைவர் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். "மாசச் சம்பளம் டீச்சரம்மா. அதுகூடப் பெருசு இல்ல. அங்க வேல செய்யறவங்க புள்ளைங்களுக்கு ஃபீஸு கெடையாதாம். எம் பொண்ணு அஞ்சாவது முடிக்குது. நல்லாப் படிக்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..." என்றார். "பார்க்கலாம்பா, சொல்றேன்" என்றேன். அவர் அதை வாக்காக எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இறங்கும்போது எனக்குக் கார் கதவைத் திறந்துவிட ஆரம்பித்தார். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கோளாறு தொடங்கியதும் அதே சமயத்தில்தான். பெருங்களத்தூர்வரை கார் ஒழுங்காகப் போகும். வண்டலூர் மிருகக்காட்சிச் சாலையைத் தாண்டியதும் ஒரு இழுப்பு, ஒரு உதறல். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறையும். பின்னால் வருகிற வெளியூர்ப் பஸ்கள் எல்லாம் ஹாரன் அடித்து, திட்டி, தாண்டிப் போகும். கடைசியில் ஓரமாக நின்றுவிடும். டிரைவர் இறங்கி பானட்டைத் திறந்து பார்ப்பார், பின்பக்கம் போவார், வருவார். ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடும். போய்ச் சேர்ந்து திரும்பும்போது அதே இடத்துக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ மறுபடியும் அதே கதை.

"இன்னாப்பா ஆச்சு இதுக்கு?" என்று என் வீட்டுக்காரர் அவருடைய பாஷையிலேயே கேட்பார். டிரைவர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் மட்டும் அவருக்கு அந்தப் பாஷை வரும்.

"வண்டிக்கு மூச்சு முட்டுது சார்" என்றார் டிரைவர்.

நான் பின்சீட்டிலிருந்து சிரித்தேன். "அதுக்கு மூக்கு எங்கே இருக்குப்பா?" என்று கேட்டேன். வகுப்பில் பையன்கள் உளறினால் கேட்கிற அதே குரல். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு கியரை மாற்றினார்.

அந்த வாரமே மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே கேட் பக்கம் ஷெட் வைத்திருந்தவர். என் வீட்டுக்காரரைப் பொறுத்தவரை எம்.பி.பி.எஸ். டாக்டரைவிட உயர்ந்தவர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆபீஸ் முடிந்து வந்ததும், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கம்வரை ஓட்டிக்காட்டினார் மெக்கானிக். வழி நெடுக ஒரு உதறல் இல்லை.

"சார், வண்டி குதிர கணக்கா போவுது. இதுல இன்னா கம்ப்ளைன்ட்டுன்னு என்னை இட்டாந்தீங்க?" என்றார் மெக்கானிக். சொன்னதோடு போயிருக்கலாம். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிற மெக்கானிக்கும் டாக்டரும் இன்னும் பிறக்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை கார் வண்டலூரில் நின்றது. அடுத்த செவ்வாய்க்கிழமை பிளக், பாயிண்ட் எல்லாம் மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை நின்றது. அதற்கடுத்த வாரம் டாங்க்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிற பம்ப்பையே மாற்றினார். செவ்வாய்க்கிழமை குதிரை, ஞாயிற்றுக்கிழமை கழுதை. வீட்டில் அழுக்கு விரல்ரேகை படாத கதவு இல்லை, மெக்கானிக் குடிக்காத காபி இல்லை.

இந்தச் சமயத்தில் விஞ்ஞானம் படித்தவள் ஒருத்தி வீட்டில் சும்மா இருப்பாளா? ஒரு சனிக்கிழமை பரீட்சைத் தாள் திருத்தி முடித்த கையோடு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சோதனைக் குறிப்பு எழுதினேன். நோக்கம், செய்முறை, காண்பன, முடிவு. கார் அதே கார். ரோடு அதே ரோடு. பெட்ரோல் அதே பங்க். செவ்வாய்க்கிழமை மெக்கானிக் ஓட்டினால் ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை டிரைவர் ஓட்டினால் நிற்கிறது. மாறுகிற காரணி ஒன்றே ஒன்று. முடிவுக்குக் கீழே கோடு வேறு போட்டேன். என் மாணவன் எவனாவது இப்படி எழுதியிருந்தால், ஞாயிற்றுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் திங்கட்கிழமை என்று ஒன்று இருக்கிறதே, அன்று காரை யார் என்ன செய்தார்கள் என்று பார்த்தாயா என்று கேட்டுப் பாதி மார்க்கை வெட்டியிருப்பேன்.

போதாததற்கு மறுநாள் கண்ணாலேயே பார்த்தேன். கார் வண்டலூரில் நின்றது. டிரைவர் பானட்டைத் திறந்து மூடிவிட்டுப் பின்பக்கம் போனார். பக்கவாட்டுக் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. பெட்ரோல் டாங்க் மூடியைத் திருகித் திறந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கார் கிளம்பியது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பங்க்குக்குத் தனியாகப் போகிறானே, பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலக்கிறான், அதுதான் இழுக்கவில்லை என்றார். நான், இல்லை, வழியில் திறந்து பெட்ரோலை எடுக்கத் தோது பார்க்கிறான் என்றேன். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. கலந்து வைத்தவன் எதற்குத் திருடுவான்? நட்டநடு ரோட்டில் கையில் குழாயும் இல்லாமல், டப்பாவும் இல்லாமல் எதில் எடுப்பான்? இதெல்லாம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு ஆளைச் சந்தேகப்படுவதில் இருக்கிற நிம்மதி வேறு எதிலும் இல்லை. அன்றிரவு இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினோம்.

இங்கே வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிட்டையர் ஆன பாங்க் ஆபீஸர் ஒருவர் எதிர்வீட்டில் இருந்தார். பொங்கலன்று எங்கள் கேட்டில் நின்று, "வண்டி இன்னும் ஷோரூம்ல இருந்து வந்த மாதிரியே இருக்கே சார்" என்றார். மறுநாள் டயர் பஞ்சர். கண் பட்டுவிட்டது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. காற்றழுத்தமும் அடர்த்தியும் நடத்துகிற வாய்தான், ஆனால் கண் பட்டால் பட்டதுதான். அதுவரை ஆயுத பூஜைக்கு மட்டும் வைத்த பொட்டை அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வைக்க ஆரம்பித்தேன். நிலைப்படி, அடுப்பு, மிக்ஸி, தையல் மிஷின் வரிசையில் காரும் சேர்ந்தது. முன்னால் ஒன்று, நாலு சக்கரத்துக்கும் நாலு, ஸ்டியரிங்குக்கு ஒன்று. பெட்ரோல் டாங்க் மூடி வெளியிலேயே, வட்டமாக, பளபளவென்று நெற்றி மாதிரி இருக்கும். அதைப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் கை சும்மா இருக்காது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து நடுவில் தாராளமாக ஒன்று அப்பி, அதன்மேல் குங்குமம் வைப்பேன்.

என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்காது. சந்தனம் பெயிண்டைத் தின்றுவிடும் என்பார். ஆனால் சாமி விஷயமாயிற்றே, ஒன்றும் சொல்ல முடியாது. ஞாயிறுவரை பொறுத்திருந்துவிட்டு, திங்கட்கிழமை விடியற்காலையில் வாளித் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து, இண்டு இடுக்கு விடாமல் தேய்த்து அவ்வளவு பொட்டையும் எடுத்துவிடுவார்.

ஏப்ரலில் ஒருநாள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தாளாளர் என்னை நிறுத்தினார். வேனுக்கு டிரைவர் போட வேண்டும், இரண்டு பேர் மனு கொடுத்திருக்கிறார்கள், ஒருவர் உங்கள் வீட்டு வண்டி ஓட்டுகிறவராமே, ஆள் எப்படி என்று கேட்டார். மணி அடித்துவிட்டது. கையில் நோட்டுக் கட்டு. நான் நடந்துகொண்டே சொன்னேன்: "வண்டி நல்லா ஓட்டுவான் சார். ஆனா பெட்ரோல் விஷயத்துல நான் பொறுப்பு ஏத்துக்க மாட்டேன்."

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய், ஆதாரமில்லாமல் முடிவுக்கு வரக்கூடாது என்று எட்டாம் வகுப்புக்கு நடத்தினேனா என்று நினைவில்லை. நடத்தியிருக்கக் கூடியவள்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவரை வர வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. பெரிய மனிதர்கள் காரணம் சொல்வதில்லை. குரோம்பேட்டையிலிருந்து வேறொரு டிரைவர் வந்தார். கறுப்புக் கண்ணாடி, ஒரு கை எப்போதும் ஜன்னலுக்கு வெளியே. பெருங்களத்தூர் தாண்டும்போது என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வண்டலூரில் கார் உதறியது. நின்றது. இந்த டிரைவர் பின்பக்கம் போகவே இல்லை. பானட்டைத் திறந்து வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். வெயிலில் அரை மணி நேரம் நின்றோம். கூடுவாஞ்சேரிக்குள் இன்னும் இரண்டு முறை நின்றது. பழைய ஆள் கலந்த மண்ணெண்ணெய் இன்னும் அடியில் தங்கியிருக்கிறது என்றார் என் வீட்டுக்காரர். நானும் தலையாட்டினேன். தலையாட்டும்போதே, ஆள் மாறியும் நிற்கிறதே என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அதை மறைக்க, அவன்தான் என்று இன்னும் அழுத்தமாகச் சொன்னேன்.

மறு ஞாயிறு திரும்பி வருகிற வழியில் கார் பெருங்களத்தூருக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் தள்ளாடிப் போய் நின்றது. நின்றதுதான் நின்றது, பெட்ரோலாவது போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். பங்க்கில் எண்ணெய்ச் சட்டையோடு ஒருவர் வந்தார். டாங்க் மூடியைத் திருகினார். இறுகிக்கொண்டு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். திறந்ததும் 'உஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த என் காதிலேயே விழுந்தது. அவர் மூடியைத் திருப்பிப் பார்த்தார், என் குங்குமத்தைப் பார்த்தார், சுண்டுவிரல் நகத்தால் நடுவில் சுரண்டினார். கல்லாக இறுகியிருந்த சந்தனம் பொடிப்பொடியாகப் பெயர்ந்தது. அடியில் ஒரு சின்ன ஓட்டை.

"இன்னாம்மா, சாமி கும்புடுறேன்னு காத்து போற ஓட்டைய அடைச்சு வெச்சுகினு கீறீங்க? டாங்க்குல காத்து பூரலன்னா பெட்ரோலு எப்டிமா வரும்?" என்றார். சொல்லிவிட்டு மூடியைக் காரின் மேல் வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் எத்தனாவது படித்திருப்பார் என்று எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது இதுதான். மூடிய பாத்திரத்திலிருந்து திரவம் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் உள்ளே அழுத்தம் குறையும், பம்ப் என்ன இழுத்தாலும் திரவம் வராது. டாங்க் எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் இது நடக்கும், ஏனென்றால் உள்ளே இருக்கிற காற்றே கொஞ்சம். கழுத்துவரை நிரப்பிய டாங்க் வண்டலூரில் திணறாமல் வேறெங்கே திணறும்? இதைப் பதினான்கு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் எண்ணெய் டின் வாங்கினால் ஊற்ற ஒரு ஓட்டையும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஓட்டையும் ஆணியால் போடுகிறவள் நான்தான். வெள்ளிக்கிழமை நான் அடைத்ததைத் திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் டூத் பிரஷ்ஷால் திறந்திருக்கிறார். நடுவில் அகப்பட்டுக்கொண்டது ஞாயிற்றுக்கிழமை ஓட்ட வந்த மனிதர்.

என் வீட்டுக்காரர் அந்த ஓட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டாங்க் உள்பக்கம் ஒடுங்கியிருக்குமோ?" என்று கவலைப்பட்டார். வேறொன்றும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த நிமிடத்தில் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. என்னை அதைவிடப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் மணிக்கு முன்னாலேயே தாளாளர் அறைக்குப் போனேன். பொட்டுக் கதையைச் சொல்ல நாக்கு எழவில்லை. சயின்ஸ் டீச்சர் சந்தனத்தால் காரை நிறுத்தினாள் என்று ஆசிரியர் அறையில் வருடம் முழுக்க ஓட்டுவார்கள். "அந்த டிரைவர் விஷயம் சார், தப்பா நெனச்சுட்டேன். ரொம்ப நல்ல மனுஷன்" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அடடா. வெள்ளிக்கிழமைதான் இன்னொருத்தருக்கு ஆர்டர் குடுத்தேன். நீங்க சொன்னதை வெச்சுத்தான் டீச்சர் முடிவு பண்ணினேன்" என்றார்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நேரே ஏரிப் பக்கம் போனேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். சுற்றிலும் பங்காளிகளின் மாடி வீடுகள், நடுவில் இவருடைய ஓட்டு வீடு. போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பொட்டைச் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையும் சொல்லிவிட வேண்டும். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

என்னைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவர ஓடினார். நான் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"கார் ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சுபோச்சுப்பா. பெட்ரோல் மூடியில ஒரு ஓட்டை இருக்கு. நான் வெச்ச சந்தனம் அதை அடைச்சிருக்கு."

அவர் தரையைப் பார்த்துச் சிரித்தார். "தெரியும் டீச்சரம்மா."

"தெரியுமா?"

"ரெண்டாவது வாரமே தெரிஞ்சுகினேன். மூடியத் தொறந்தா உஸ்ஸுன்னு காத்த இழுக்கும். அப்பால வண்டி நல்லா போவும்."

"அப்புறம் ஏம்ப்பா சொல்லலே?"

"எப்டி சொல்றது? வெள்ளிக்கெழம விரதம் இருந்து நீங்க வெக்கிற பொட்டு. அதால வண்டி நிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லலாமா? நகத்தால நோண்டவும் மனசு வரல. சாருக்குத் தெரிஞ்சா உங்களத்தான் சத்தம் போடுவாரு. அதான் நிக்கிற எடத்துல நானே பின்னால போயி தொறந்து மூடிகினு வந்தேன். அஞ்சு நிமிசம் லேட்டாவும், அவ்ளோதான?"

அடுத்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி கலரைக் கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார்.

"வேன் வேலை கெடைக்கலன்னு நீங்க மனசு கஷ்டப்படாதீங்க டீச்சரம்மா" என்றார் அந்த அம்மாள். "அதுக்காவ வூடு தேடி வந்துட்டீங்களே. நீங்க சொல்லியும் குடுக்கலன்னா, அவங்க ஆளு யாரோ முன்னாலயே பேசி வெச்சிருக்காங்க, நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"ஆமா டீச்சரம்மா" என்றார் அவர். "எனக்காவ நீங்க போயி பேசினீங்களே, அதுவே பெருசு. எங்க ஜனத்துல யாரு எனக்காவ ஒரு வார்த்த பேசுனாங்க?" உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடச் சீருடையைக்கூட இன்னும் மாற்றாமல் அவர் மகள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒல்லியாக, அப்பாவின் அதே கண்கள். "டீச்சரம்மாவுக்கு வணக்கம் சொல்லும்மா. உன்ன அவங்க ஸ்கூல்ல சேக்கத்தான் அவ்ளோ பாடுபட்டாங்க" என்றார்.

அந்தப் பெண் இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம் டீச்சர்" என்றாள்.

மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கலரை முழுவதும் குடித்து முடித்தேன். கிளாஸைக் கீழே வைத்தேன். "நல்லாப் படிம்மா" என்றேன். "அடுத்த வருஷம் மறுபடியும் சொல்லிப் பார்க்கிறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.